மடிக்கு வந்த சகோதரச் சங்கம்

பாளையங்கோட்டை,
வெள்ளிக்கிழமை

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் குமரகுருபரன் அவர்களுக்கு, அத்தான் பூதலிங்கம் எழுதுவது. இங்கு யாவரும் நலம். ஜெனீவாவில் தாங்களும், தாங்கள் கூட்டியிருக்கும் பல நாட்டுச் சங்கங்களும் நலமாக இருக்க நெல்லையப்பரை வேண்டுகிறேன்.

எங்கள் மகள் மதுமதி காதுகுத்துக்குத் தாய்மாமன் தாங்கள் ஒருவர்தான். தேதியையும் முன்கூட்டியே சொன்னோம். கம்பெனிக்காரர்கள் பங்கு வாங்கியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் முதலீட்டாளர் உறவுச் சங்கம் உங்களுடையது. அதேபோல் நாட்டுக்கு ஒன்று இருக்கிறதாம், எல்லாம் கைகோக்கப் போகிறதாம், அதனால் வர முடியாதாம். முதலீட்டாளர் உறவுக்கு விமானம் ஏறுகிறீர், கூடப் பிறந்தவள் உறவுக்குப் பாபநாசம் பஸ் ஏற முடியவில்லை.

அதோடு விட்டீரா? கன்னியாகுமரி பார்க்க வந்த பின்லாந்துக்காரர் ஒருவரைப் பாபநாசம் கோயிலுக்கு அனுப்பி, 'இவர் எங்கள் சகோதரச் சங்கத்துச் செயலாளர், நானே வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று வாட்ஸ்அப் வேறு. சகோதரச் சங்கத்துக்காரன் உங்க அக்கா சங்கரிக்குச் சகோதரன் ஆயிருவானா வே? ஆறரை அடி மனுசன் வேட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு நிக்காரு. எங்க பெரியப்பா, "ஏ பூதலிங்கம், ஒம் மச்சினன் எப்பம்லே இப்படி வெளுத்தான்?"னு கேக்காரு. நல்ல நேரம் போகுதேன்னு வேற வழியில்லாம பிள்ளையை அவர் மடியில வச்சோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் மனுசன் கையைக் காட்டி நிறுத்திட்டாரு. நல்லதோ கெட்டதோ, எல்லாருக்கும் ஒரே நேரத்துல முன்னாலயே சொல்லிரணுமாம், ஒங்க சங்கங்க எல்லாம் சேந்து ஒத்துக்கிட்ட முறையாம் அது. கூட வந்த டிரைவர் நாசர் அதை அப்படியே தமிழாக்கி, "ஏ பிள்ளையளா, கேட்டுக்கிடுங்க, ரொம்ப வலிக்கும்"னு சத்தமாச் சொன்னாரு. காது குத்த வரிசையில இருந்த அத்தனை பிள்ளையளும் ஒண்ணா அலற ஆரம்பிச்சிட்டு. அதுகளோட தாய்மாமன்மார் என்னை அடிக்காத குறை.

எப்படியோ காரியம் முடிஞ்சிட்டு. இனி நீர் வந்து ஆகப்போறது ஒண்ணுமில்ல. உங்க அக்கா சபையில நின்னு அழுததை நினைச்சா எனக்கு வயிறு எரியுது. எங்க வாசப்படியை மிதிக்க வேண்டாம்.

தாங்களும் தங்கள் சகோதரச் சங்கங்களும் பிரிவில்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
பூதலிங்கம்

பின்குறிப்பு: காரியம் முடிந்தது என்று மேலே எழுதியது முழு உண்மையல்ல. ஒரு காதுதான் குத்தியிருக்கிறது. "மத்தக் காது என் தம்பி மடியிலதான்"னு சொல்லி சங்கரி பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டா. அடுத்த முகூர்த்தத்துக்கு டிக்கெட் போடும் வே. மாமா எங்கன்னு ஒத்தைக் கம்மலோட கேக்குது பிள்ளை.