நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கு

“நீ சொல்றதுலயும் நியாயம் இருக்குடா” என்று பூட்டுக்கடைக்காரர் சொன்னதும், குடைக்கடைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“மூளைக்குச் சிப் வச்சுக்கிட்டேன்.” காதுக்குப் பின்னால் இருந்த புடைப்பைப் பெருமையாகத் தடவினார். “எதையும் எல்லாப் பக்கமும் யோசிக்க வைக்கும். எதிராளி பேசி முடிக்கிற வரைக்கும் வாயை மட்டும் திறக்கக்கூடாது. பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு முடிச்சேன்!”

இருவருக்கும் எதிரெதிர்க் கடை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வாய்ச்சண்டை அங்கேயே தொடங்கியது. யானைக்குக் கனவு வருமா என்று ஒரு மழைக்காலம் முழுக்கத் தெருவுக்குக் குறுக்கே கத்தியிருக்கிறார்கள். பூட்டு வாங்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்து கட்சி பிரிந்து நின்றார்கள். ஆனால் பூட்டுக்காரர் ஒருநாளும் ஜெயித்ததில்லை. அந்த ஏக்கத்துக்குத்தான் சிப்.

இப்போது தினமும் ஜெயித்தார். குடைக்காரர் டீக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

தனியாகக் குடித்த டீ ருசிக்கவில்லை. சரி, தோற்றுப் பார்ப்போம் என்று தெருவைக் கடந்து போனார் பூட்டுக்காரர்.

“இன்னிக்கு மழையே வராது” என்றார் குடைக்காரர், சீண்டலாக.

“வரவே வராதுடா” என்றார் இவர், சொட்டச் சொட்ட நனைந்தபடி.

“எனக்கே பிச்சை போடறியா?” ஷட்டர் பாதி இறங்கியது.

“அப்ப நீயும் ஒண்ணு வச்சுக்கோ. சரிக்குச் சரி மோதலாம்.”

குடைக்காரர் காதுக்குப் பின்னால் பிளாஸ்திரியோடு திரும்பினார். “உன்னைவிடக் கம்மி விலைக்கு முடிச்சேன், பாத்துக்கோ!”

அதோடு வாய்ச்சண்டையே போச்சு.

“நீ முதல்ல சொல்லு.”

“இல்லடா, நீ சொல்லு.”

இருவரும் மாறி மாறி வழிவிட்டதில் டீயில் ஆடை படிந்தது.

“அந்த யானை ஞாபகம் இருக்காடா?” என்றார் குடைக்காரர் மெதுவாக. “குடையைத் தூக்கிட்டு என்னை அடிக்க வந்தியே.”

“உன் கடைக் குடைதான். கம்பி வளைஞ்சுபோச்சு.” பூட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. “எழுந்திரு. கழட்டிட்டு வந்துடலாம்.”

கிளினிக்கில் சீட்டு எழுதும் பெண் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“எதை சார் கழட்டறது? அந்த விலைக்கு உள்ள சிப் இல்லாம வெறும் கூடுதான் வரும்னு அன்னிக்கே சொன்னேன். நீங்க எங்க காதுல வாங்கினீங்க? இவர் உங்களுக்கும் மேல, சார். இவர் குடுத்ததுக்குப் பிளாஸ்திரி மட்டும்தான்!”