கூடை விழுந்த சத்தம்

எனக்குக் கோபம் வரும். இதைச் சொல்லும்போதும் வருகிறது. (எழுதுகிறவள் என் மகள் வதனி. என் பெயரை நானே எழுதி முடிப்பதற்குள் விடிந்துவிடும். "சிரிக்காமல் எழுது பிள்ளை" என்று இப்போதுதான் கத்தினேன்.)

வதனி பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறாள். பிள்ளைகளைக் கவிதை எழுதச் சொல்லிவிட்டுத் தானும் கூட இருந்து எழுதுவாளாம். எல்லார் தாளும் பெயரில்லாமல் ஒரு பெட்டிக்குள் போகும். யாராவது ஒன்றை எடுத்து வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் எழுதியவர் கையை உயர்த்த வேண்டும். ரீச்சருக்கும் அதே சட்டம்தான்.

வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வாசிக்கிற நாள் ஒன்று வந்தது.

"நீங்கள் வரவேண்டாம் அப்பா. சரியான வெயில்."

மயிலிட்டிக் கடலில் கருவாடாய்க் காய்ந்தவனுக்கு வெயிலாம்! படிக்காத தகப்பனைக் காட்ட வெட்கம் என்று நினைத்தேன். அந்தக் கோபத்திலேயே வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். (கொண்டக்டரோடு சண்டை பிடித்த கதையும் இருக்கிறது. வதனி வேண்டாம் என்கிறாள்.)

முன்வரிசையில் போய் இருந்தேன். என்னைக் கண்டதும் வதனியின் முகம் செத்த மீன்போல ஆனது. ("அப்பிடி எழுதமாட்டன்" என்கிறாள். எழுது!)

ஒரு பொடியன் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்து வாசித்தான்:

கூடை மெல்ல இறங்கினால்
அப்பாவின் வலையில் மீன்.
கூடை தொம்மென்று விழுந்தால்
நாங்கள் கட்டிலுக்குக் கீழே.
அங்கேதான் வாய்பாடு படித்தேன்,
உதடு அசையாமல்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. எழும்பிவிட்டேன்.

"உந்தப் பிள்ளையின்ரை தகப்பன் ஆர்? வந்திருக்கிறானோ? காட்டுங்கோ, ரெண்டு குடுக்கிறன்! மீன் படாட்டி அதுக்குப் பிள்ளை என்ன செய்யும்?"

கை தட்டுவார்கள் என்று பார்த்தேன். வதனி மெல்லக் கையை உயர்த்தினாள்.

"நான்தான் எழுதினனான்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு தகப்பன் எவனாவது நிற்கிறானோ என்று.

முன்னால் பாயில் இருந்த ஒரு சின்னப் பெட்டை கேட்டாள்: "ஐயா, இப்ப ரெண்டு குடுக்கப் போறியளோ?"

மண்டபமே சிரித்தது. வதனி சிரிக்கவில்லை. உயர்த்திய கையை இறக்கவுமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்:

"கோவமோ அப்பா?"

"ஓம்."

"ஆரோடை?"

"உந்தத் தகப்பனோடை."

அதற்குப் பிறகு வீட்டில் என் குரல் கொஞ்சம் ஏறினால் போதும். "ரெண்டு குடுக்க ஆளைக் கூப்பிடட்டோ?" என்று குசினியிலிருந்து மனைவி கேட்பாள். நானும் கடலுக்குப் போய் வந்தால் கூடையை முட்டை வைப்பதுபோல மெல்ல வைக்கிறேன்.

நேற்றும் அப்படித்தான் வைத்தேன். மனைவி ஆசையாக ஓடி வந்தாள்.

"என்னப்பா, அறக்குளா மீனோ?"

திறந்து பார்த்தாள். வெறுங்கூடை. அவள் எறிந்த எறியில் அது சுவரில் பட்டுத் தொம்மென்று விழுந்தது.

நான் கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.