இருபத்து நாலு எலிகளும் ஒரு கையெழுத்தும்

கோபத்தைத் தணிக்கும் மருந்தைப் பத்து நாளாகக் குடித்துவந்த எலி, தன்னோடு ஒரே கூண்டில் இருந்த இன்னொரு எலியின் காதைக் கடித்துத் துப்பியிருந்தது.

டாக்டரம்மா கூண்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தத் துண்டுக் காதைப் பார்த்தாள். அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. மருந்தியலில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் எட்டு மாதம் ஆகிறது. துறையில் யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர், வாசல் காவலாளி வரை ஒட்டிக்கொண்டுவிட்டது.

மருந்து ஈரலைக் கெடுக்காது, சிறுநீரகத்தைக் கெடுக்காது என்று நிரூபிக்கவே நாலு வருஷம் போய்விட்டது. பாக்கி ஒரே ஒரு சோதனைதான். இருபத்து நாலு எலி. பன்னிரண்டுக்கு மருந்து, பன்னிரண்டுக்கு வெறும் தண்ணீர். மருந்து குடித்தவை சண்டை போடாமல் இருந்தால் பேராசிரியர் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒரு மருந்துக் கம்பெனியின் நச்சுப் பரிசோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. மாதக் கடைசிக்குள் ஆய்வேடு போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

எலிகளுக்கு இதெல்லாம் தெரியுமா? மருந்து குடித்ததும் குடிக்காததும் ஒன்றுபோல அடித்துக்கொண்டன.

"என்னம்மா, சாந்தமாச்சா?" என்றார் பேராசிரியர்.

"இல்ல சார். காதைக் கடிச்சிருக்கு."

"நீதான் ஏதோ தப்பு பண்ற. சரி, இந்தா, ரெண்டாம் வருஷத்து விடைத்தாள். எண்பது இருக்கு, நாளைக்குள்ள திருத்திடு."

"போன வாரமும் நான்தானே சார் திருத்தினேன்?"

"எனக்கு மாநாடு இருக்கில்ல."

மாநாட்டில் அவர் படிக்கப்போவது அவள் எழுதிய கட்டுரை. அதில் அவள் பெயர் நாலாவது. மூன்றாவது பெயர் பேராசிரியரின் மருமகனுடையது. அந்த மகானுபாவர் எலியைப் படத்தில்தான் பார்த்திருப்பார்.

டாக்டரம்மா நேராக எலி அறைக்கு வந்து, விடைத்தாள் கட்டை மேஜை மேல் பொத்தென்று போட்டுவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினாள். ஒரு மணி நேரத்தில் பதினொரு சண்டை.

மேலே காற்றாடி கடகடவென்று சத்தம் போட்டது. பழி அதன் மேல் விழுந்தது. எலக்ட்ரீஷியனோ பேராசிரியரின் கடிதம் இல்லாமல் ஏணியில் கால் வைக்க மாட்டேன் என்றார். கடிதம் கேட்கப் போனவளைத் தன் மாநாட்டுப் பேச்சை முதலில் டைப் அடிக்க வைத்தார் பேராசிரியர். இரண்டு மணி நேரம் கழித்துக் கடிதத்தோடு வந்து, ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு, "கழட்டுறதுக்கு இவ்வளவு நேரமா?" என்று எலக்ட்ரீஷியனிடம் எரிந்து விழுந்தாள். காற்றாடி போனது. சண்டை இருபத்திரண்டு ஆனது.

அடுத்தது கூண்டுக்காரர். கூண்டு கழுவி, தீனி போட்டு, தண்ணீர் மாற்றுபவர். வேலை நேரத்தில் மனைவியோடு போனில் பேசிச் சிரிப்பார்.

"உங்க பேச்சுதான் எலிங்களை உசுப்புது அண்ணே. இனிமே உள்ள வராதீங்க. எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

"சரிங்க மேடம்" என்று அவர் சாவியைக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"நீயே பாக்குறதுன்னா காலையில, மதியம், சாயங்காலம் மூணு வேளையும் எங்கிட்ட வந்து கணக்குச் சொல்லு" என்றார் பேராசிரியர். "சொல்லிட்டு உடனே போய் மறுபடி எண்ணு."

மூன்று வேளையும் சொன்னாள். மூன்று வேளையும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, பல்லைக் கடித்தபடி எண்ணினாள். சண்டை நாற்பதைத் தொட்டது. ஒரு எலி வாலில் பாதியை இழந்தது.

"எல்லாத்தையும் தூக்கிப் போடு. புது எலி வாங்கி முதல்லேருந்து ஆரம்பி. ஆறே மாசம்தானே" என்றார் பேராசிரியர்.

அந்த 'தானே'யைக் கேட்டதும் அவளுக்குக் கண் இருட்டியது.

"கூண்டுக்காரர்தான் சார் ஏதோ பண்றாரு. அவர்கிட்ட இன்னொரு சாவி இருக்கும். கேமரா வெச்சு நிரூபிக்கறேன்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சான்றிதழ்களைக் காட்ட அவள் கம்பெனிக்குப் போகவேண்டியிருந்தது. எலிகள் மறுபடி கூண்டுக்காரர் கையில். கேமரா ஓடியது. திங்கள்கிழமை காலை பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடிவந்தவள் எலி அறையில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டாள்; எண்ணத் தொடங்குமுன் வழக்கம்போலப் பேராசிரியர் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறமும் எண்ணவேண்டியதை எண்ணித் தொலைத்தாள். பிறகுதான் மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் கூடினார்கள்.

சனிக்கிழமை. கூண்டுக்காரர் போனில் சிரித்துக்கொண்டே தீனி போட்டார். மருந்து குடித்த பன்னிரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்கின. தண்ணீர் குடித்தவை அவ்வப்போது இரண்டு தட்டு தட்டிக்கொண்டன. ஞாயிறும் அப்படியே. ஆய்வேட்டில் அவள் என்ன எழுத ஆசைப்பட்டாளோ, அது அச்சாக நடந்தது.

அவள் வாய் பிளந்து பார்த்தாள்.

திங்கள், ஒன்பதரை. கதவு திறந்தது. படத்தில் அவளே உள்ளே வந்தாள். தூங்கிக்கொண்டிருந்த பன்னிரண்டும் எழுந்தன. அடுத்த நிமிஷம் அறையே போர்க்களம்.

பேராசிரியர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"பாத்தியா? காற்றாடியும் இல்ல, இவரும் இல்ல. உன்னைப் பாத்துத்தான் அதுங்க வெறி பிடிச்சு ஆடுது. இவ்வளவு கோபத்தை வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி? இது எதுவும் செல்லாது. ஆறு மாசம் இல்ல, ஒரு வருஷம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

 டாக்டரம்மாவுக்கு அது ஐந்து வருஷம் எட்டு மாதக் கோபம். தன் பக்கம் நியாயம் இருந்த கோபமே தன் பிழைப்பைக் கெடுத்துவிட்டதே என்று நினைக்கும்போது கண்ணில் நீர் முட்டியது. அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று திரையையே முறைத்தாள்.

பின்னால் நின்றிருந்த கூண்டுக்காரர் மெதுவாகச் செருமினார்.

"கொஞ்சம் முன்னாடி போய்ப் பாருங்க சார். எட்டு மணிக்கும் மேடம்தான் பஸ்லேருந்து நேரா வந்து அரை மணி நேரம் உக்காந்திருந்தாங்க, ஒரு எலிகூட முழிக்கல. ஒன்பதரைக்கு வந்தது உங்க ரூம்லேருந்து."