லேப்டாப்பில் சொறிமீன்

நேர்காணலுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கையில் இளவழகனை லேப்டாப் கடித்தது.

கடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். சார்ஜரைச் சொருகிவிட்டு அதன் அலுமினிய உடம்பில் உள்ளங்கையை வைத்தான், சுருக்கென்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடி சுருக். சார்ஜரைப் பிடுங்கினால் கடிக்காது, ஆனால் கொஞ்ச நேரத்தில் உயிரை விட்டுவிடும். யாரோ உபயோகித்துச் சலித்து விற்றது.

உப்பு ஏரிக்கரை மீனவ ஊரான தோணிரேவில் பிறந்தும், ஏரியின் இடுப்பளவுத் தண்ணீரிலேயே படகில் வாந்தி எடுக்கிறவன் இளவழகன் ஒருவன்தான். இந்த வேலையும் தட்டிப்போனால் நாளை விடியற்காலை தன்னோடு படகேற வேண்டும் என்று அப்பா சிங்காரம் சொல்லியிருந்தார். வேலை ஒரு கால் சென்டரில். எந்தக் கம்பெனிக்காகப் பேச வேண்டும் என்பதைத் தேர்வானால்தான் சொல்வார்களாம். வீட்டிலிருந்தே செய்யலாம், தரை ஆடாது. அவனுக்கு அது போதும்.

"இன்னாடா கையை உதர்ற?" என்றார் சிங்காரம்.

"கை வெச்சா சுருக்குனு குத்துது நைனா."

சிங்காரம் மகனின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாமல் குத்துகிற ஜீவன் அவர் அறிந்து ஒன்றுதான்.

"சொறிமீன்டா. காலைல வலையை உதர்றப்போ ஒட்டிக்கினு இருந்துருக்கும்."

"லேப்டாப்பைத் தொட்டாதான் குத்துது."

"பட்ட எடத்தைத் தேய்ச்சா குத்தத்தான் செய்யும்."

சொறிமீன், அதாவது ஜெல்லிமீன், பட்ட இடத்துக்கு நல்ல தண்ணீர் ஆகாது, உப்புத்தண்ணீர்தான் வைத்தியம். ஒரு வாளி ஏரித்தண்ணீர் வந்தது. மகனின் இரண்டு கைகளையும் அதில் முக்கிப் பிடித்துக்கொண்ட சிங்காரம், ஈரத்தைத் துடைக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். உப்பு சொட்டும் கையோடு லேப்டாப்பைத் தொட்ட இளவழகன், அடுத்து நின்ற இடம் எதிர்ச்சுவர்.

"பாத்தியா, விஷம் எறங்குது" என்றார் சிங்காரம் திருப்தியாக.

இது சொறியும் இல்லை கிறியும் இல்லை, கரண்ட்டு என்று அம்மா தேவகி குறுக்கே வந்தாள். இரும்பு நாற்காலியை எடுத்துவிட்டு மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியைப் போட்டு, அதன் மேல் உட்காரச் சொன்னாள். மூடி அவன் எடையைக் கொஞ்ச நேரம்தான் தாங்கியது. பெட்டிக்குள் ஐஸ் கரைந்த தண்ணீர் இருந்ததை அதன் பிறகு அம்மாவும் மகனும் சேர்ந்தே தெரிந்துகொண்டார்கள்.

பேண்ட் மாற்ற நேரமில்லை. இறால் உரிக்கப் போகும்போது போடும் ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். கடி நின்றது. லேப்டாப்பின் டச்பேடும் விரலை விரலாக மதிப்பதை நிறுத்திக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஒரு விரலுக்கு மட்டும் ரப்பரை வெட்டினார்கள். அதுவரை பத்து விரலும் பங்கு போட்டுக்கொண்டதை அந்த ஒற்றை விரல் தனியாக வாங்கத் தொடங்கியது.

திரையில் நேர்காணல் எடுக்கும் மோகனப்பிரியா மேடம் வந்தார். சிரிக்காத முகம்.

"வணக்க்க்கம் மேடம்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல மேடம். எங்க ஊர்ப் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்."

தட்டச்சுத் தேர்வைத் திறக்கச் சொன்னார். திறந்தான். தோள் காதுவரை ஏறி இறங்கியது. ஏரிக்காற்று, குளிர் என்றான். கையுறையும் குளிருக்குத்தான் என்றான். மே மாத மத்தியானம். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"லேப்டாப்ல ஏதாவது பிரச்சினையா? உண்மையைச் சொல்லுங்க."

நல்ல நிலையில் லேப்டாப் இல்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்பதுதான் விளம்பரத்தின் முதல் வரி. இளவழகன் கேமராவை நேராகப் பார்த்தான்.

"லேப்டாப் தங்கமான லேப்டாப் மேடம். அது மேல ஒரு குத்தமும் இல்ல. என் கைலதான் சொறிமீன் பட்டுக்கிச்சு." சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு தடவை துள்ளினான். சிரித்த முகம் மட்டும் மாறவில்லை.

மோகனப்பிரியா மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொன்னார். அவரும் எட்டி, இளவழகனை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். வாசலில் நின்ற சிங்காரம் கண்ணெதிரில் ஒரு வேலை போவதைப் பார்த்துவிட்டு, படகில் மகன் வாந்தி எடுக்க ஒரு நல்ல பிளாஸ்டிக் பை தேடிப் போனார்.

மைக் திரும்ப வந்தது.

"தம்பி, நாங்க பேசறது ஒரு லேப்டாப் கம்பெனிக்காக. சார்ஜ் போட்டா ஷாக் அடிக்குதுன்னு நாள் பூரா போன் பண்றவங்ககிட்ட, இப்ப நீங்க சொன்னீங்களே, அதையே அப்படியே சொல்லணும், திங்கக்கிழமை சேர்ந்துடுங்க."