எட்டுக் கம்பி இங்கிலீஷ்

மதுரைக் கோர்ட்டு வக்கீல்கள் அத்தனை பேரும் சேர்ந்து பேசிய இங்கிலீஷைவிட, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடை பாய் ஒருவர் காதால் கேட்ட இங்கிலீஷ் அதிகம். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். சபையில் பேச எனக்குக் கூச்சம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் என்னவோ, எங்கள் சந்துக்கு அவர் குடை பாய். வக்கீல்களின் குடைகளைத் தைத்துக் கொடுப்பார், உடைந்த கம்பியை மாற்றுவார். கை குடையில் இருக்கும், காது கோர்ட்டு ஜன்னலில் இருக்கும். உள்ளே வாதம் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாள் சத்தத்தை மட்டும் கேட்பாராம், மறுநாள் வார்த்தையை, மூன்றாம் நாள் அர்த்தத்தை. அதனால் வழக்குக்கு வாய்தா விழுந்தால் குடைக்கும் வாய்தா விழும்.

"பாய், என் குடை என்னய்யா ஆச்சு?"

"கேஸு இன்னும் முடியலைங்களே."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், கேட்டதை இங்கிலீஷில் ஒரு பாரா எழுதுவார். ஒன்றே ஒன்றுதான். அதற்கு அவர் வைத்திருந்த சட்டம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. குடைக்கு நடுவில் ஒரு தண்டு, சுற்றி எட்டுக் கம்பி. பாராவுக்கும் அப்படியே. தண்டு என்றால் விஷயம், கம்பி என்றால் வாக்கியம். தண்டில் மாட்டாத வாக்கியத்தை ஈவு இரக்கமில்லாமல் பிடுங்கிப் போடுவார். ஒன்பதாவது வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும், "ஒம்பது கம்பியில குடை பாத்திருக்கியா?" என்று அடித்துவிடுவார்.

பேச்சையும் அப்படித்தான் அளப்பார். ஒருநாள் அவர் சம்சாரம், "அரிசி இல்ல, விறகு இல்ல, கூரை ஒழுகுது, குடைக்காரர் வீட்டுக்குள்ள நான் நனையிறேன்" என்று பிடித்துக்கொண்டது. பாய் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நாலு கம்பிதான் ஆச்சு. தண்டையும் காணோமே" என்றார்.

"தண்டு நீங்கதான். எல்லாம் உங்களச் சுத்தித்தான நிக்குது."

அது நல்ல பாரா என்று பாய் பிறகு ஒப்புக்கொண்டார்.

அந்த வருஷம் முனிசிபாலிட்டியில் எங்கள் சந்துக் குழாயைப் பிடுங்கிச் சந்தைப் பக்கம் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். மனு எழுதுகிறவரிடம் போனோம். அவர் துரைமார்களைப் புகழ்ந்தே மூன்று பக்கம் எழுதினார். குழாய் நாலாம் பக்கத்தில்தான் வந்தது. பதிலே இல்லை.

பெண்கள் எல்லோரும் குடை பாய் வீட்டு வாசலில் கூடினோம். அவர், "எனக்குக் கேட்டுத்தான் எழுதத் தெரியும். சொல்லுங்க" என்று கண்ணை மூடினார். ஒருத்தி முனிசிபாலிட்டியைத் திட்டினாள். ஒருத்தி சந்தைப் பக்கத்து நாற்றத்தைச் சொன்னாள். என் மாமியார், எங்கள் குழாய்த் தண்ணியில்தான் பருப்பு வேகும் என்றார்.

"கம்பி கம்பியா வருது. தண்டு ஒண்ணும் வரலையே" என்றார் பாய்.

நான் மேலூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து அப்போது இரண்டு வருஷம். அஞ்சாவதோடு சரி. ஆம்பிளைகளுக்கு முன்னால் பேசியது கிடையாது. தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "இந்தக் குழாயில நின்னா தொட்டில்ல பிள்ள அழுகுறது கேக்கும். அங்க நின்னா கேக்காது."

பாய் கண்ணைத் திறந்தார். "தண்டு கெடச்சிருச்சு. மேல சொல்லு தங்கச்சி. வீட்டுல வேற ஆள் இல்லையா?"

"அத்தை இருக்காக. அவுகளுக்குக் காது மந்தம்."

"என்னடி சொல்ற?" என்றார் மாமியார். சாட்சி வலுத்தது.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வீட்டுக்காரர் மில்லுக்குப் போவது, ஒரு நாளைக்கு எட்டுக் குடம் எடுப்பது, குழாயடியில் வரிசை நிற்பது. ஏழு கம்பி ஆயிற்று. எட்டாவதுக்கு எல்லோரும் யோசித்தார்கள். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "நம்பலைன்னா முனிசிபாலிட்டி இன்ஜினியரே வந்து நின்னு கேக்கட்டுமே" என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு பாரா போனது. நாலாம் நாள் இன்ஜினியரே வந்துவிட்டார்.

வந்தவர் பாயிடம் இங்கிலீஷில் மளமளவென்று பேசினார். பாய் கண்ணை மூடி முழுவதையும் கேட்டார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு தாளில் பதில் எழுதி நீட்டினார். அவருக்கு இங்கிலீஷ் காது வழியாக உள்ளே போகும், கை வழியாக வெளியே வரும். வாய்க்கு அதில் பங்கே கிடையாது. இன்ஜினியர் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, அவரும் பென்சிலை வாங்கி எழுதத் தொடங்கினார். சந்தே மூச்சுவிடாமல் பார்த்தது.

பிறகு இன்ஜினியர் எங்கள் குழாயடியில் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். என் மகளோ, பிறந்த நாளிலிருந்து அழுகையை நிறுத்தாதவள், அன்றைக்குப் பார்த்துத் தொட்டிலில் சிரித்துக்கொண்டு கிடந்தாள். கிள்ள எனக்கு மனம் வரவில்லை. குழாய் கையைவிட்டுப் போயிற்று என்று நினைத்தேன்.

பாய் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே, தைத்து வைத்திருந்த பெரிய கறுப்புக் குடையைத் தொட்டிலுக்கு நேராகப் படாரென்று விரித்தார். அவள் வைத்த சத்தத்தில் குழாயடியில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அந்த அழுகை ஓய்வதற்குள் அவர் சந்தைப் பக்கமும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"கேட்கவில்லை" என்று தமிழிலேயே சொன்னார்.

குழாய் அங்கேயே இருந்தது. மறுநாள் பாய் அந்தப் பாராவின் நகலைக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்து, "தங்கச்சிகிட்ட குடுங்க. இது அது சொன்ன பாரா. நான் கேட்டு எழுதுனதுதான்" என்றார்.

பாய் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. குடை விரிக்கும் சத்தம் கேட்டால் என் மகளுக்கு இன்றைக்கும் தூக்கிவாரிப்போடும். அந்தத் தாள் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் முற்றுப்புள்ளி எண்ணத் தெரியும். எப்போது எடுத்து எண்ணினாலும் எட்டு இருக்கிறது.