பணியாளர் புறப்பட்டுவிட்டார்

"அது கையா, அகப்பையா?" என்று தன் விளையாட்டைக் குறை சொன்ன ஒருவருக்குத் தம்பி பதில் எழுதியிருந்தான். காலை ஏழே முக்காலுக்கு, ஒரு காலில் செருப்பும் மறு காலில் அவசரமுமாக நின்றபடி அக்கா அதைப் படித்தாள்.

"இதை எப்படா எழுதினே?"

"இப்பதான்."

"அழி."

"அழிக்க மாட்டேன். அந்த ஆள் என்ன எழுதியிருக்கான்னு பார்த்தியா? ஏழாவது மேடையைத் தாண்டவே முடியாதாம். நான் நாலு தடவை தாண்டியிருக்கேன்."

"கட்டினவனே நீ. நீ தாண்டாம யார் தாண்டுவா?"

தம்பிக்கு முப்பத்துநாலு வயது. அக்கா வீட்டின் சின்ன அறையில் மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு வீடியோ விளையாட்டைத் தனி ஆளாகச் செய்து முடித்திருந்தான். பெயர் 'கழன்ற பொத்தான்'. ஒரு கோட்டிலிருந்து கழன்று தரையில் விழுந்த பொத்தான், பத்து மேடைகளைக் குதித்துக் கடந்து, அலமாரி உச்சியில் தொங்கும் அதே கோட்டிடம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் கதை. தவறிக் குதித்தால் பழையபடி தரை. நடுவில் விளையாட்டை மூடினாலும் தரை.

"விட்ட இடத்துலேர்ந்து தொடர்ற மாதிரி வெச்சா என்னடா?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"யாராவது பார்த்துக்கிட்டே இருந்தாத்தான்கா அது மேல நிக்கும்" என்றான். கலைஞர்களோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்த மாதிரி பதில்கள் பழகிப்போகும்.

வெளியான நாளன்று அக்கா தன் ஆபீஸில் ஒருவர் விடாமல் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலையாட்டுவதில் யாரும் குறை வைக்கவில்லை. இரண்டு மாதத்தில் மொத்தம் இருபத்துமூன்று பேர் கருத்து எழுதியிருந்தார்கள். "இசை அருமை, அணைக்க முடிந்தால் இன்னும் அருமை" என்றார் ஒருவர். "பொத்தானுக்கு ஏன் இவ்வளவு சோகம்? வேறு பொத்தான் தைத்துக்கொள்ள முடியாதா?" என்று கேட்டார் இன்னொருவர். பாக்கிப் பேரில் பாதிக்குமேல் ஏழாவது மேடையில் மாட்டிக்கொண்டவர்கள். விளையாட்டின் பெயருக்குக் கீழே 'கலவையான கருத்து' என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தது. அந்த மஞ்சளைப் பார்த்தபடியேதான் தம்பி ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்டு மறுவேளையைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"இனிமே நீ யாருக்கும் பதில் எழுதக் கூடாது. நான் எழுதறேன்" என்றாள் அக்கா.

"உனக்கு விளையாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

"விளையாட்டைப் பத்தித் தெரியாது. புகாரைப் பத்தி என்னைவிட யாருக்குடா தெரியும்?"

அது உண்மைதான். அக்கா ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் பதினான்கு வருடமாகப் புகார்ப் பிரிவு. கதவு மூடவில்லை, மூடினால் திறக்கவில்லை, மாமியாரோடு நடுவழியில் நின்றுவிட்டது என்று எது வந்தாலும் அக்காவின் மேசைக்குத்தான் வரும். எல்லாவற்றுக்கும் 'அன்புடையீர்' என்றுதான் பதிலைத் தொடங்குவாள். அதனால் ஆபீஸில் அவளுக்குப் பெயரே 'அன்புடையீர் மேடம்'.

அன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் முதல் பதிலை எழுதினாள். கை பழகிய வேகத்தில் அது தானாகவே எழுதிக்கொண்டது.

'அன்புடையீர், ஏழாவது மேடை தொடர்பான தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. புகார் எண் ஒன்பது. எங்கள் பணியாளர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நேரில் வந்து பார்வையிடுவார். அதுவரை குதிப்பதைத் தவிர்க்கவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

அதே பதிலை எண்ணை மட்டும் மாற்றிப் பதினான்கு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் டிபன் டப்பாவைத் திறந்தாள்.

நாற்பத்தெட்டு மணி நேரம் ஆனது. நாற்பத்தொன்பதாவது மணியில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, பணியாளர் வரலைன்னு பதினோரு பேர் எழுதியிருக்காங்க."

"எந்தப் பணியாளர்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

அக்கா தான் எழுதியதைத் திரும்பப் படித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் வருகிறேன் என்று சொன்ன பணியாளரை வராமல் விடுவது புகார்ப் பிரிவின் மானப் பிரச்சினை.

"உள்ள ஒரு மெக்கானிக்கை வெச்சுடேன்டா. சின்னதா. தோள்ல ஒரு பை."

"வந்து என்ன பண்ணுவான்?"

"முதல் தடவை வந்தா என்ன பண்ணுவாங்க? சுத்திப் பார்ப்பாங்க, தலையை ஆட்டுவாங்க, எதையோ எழுதிப்பாங்க, ஸ்பேர் பார்ட் இல்லைன்னுட்டுப் போயிடுவாங்க."

தம்பி இரண்டு நாள் உட்கார்ந்து செய்தான். ஏழாவது மேடையில் பொத்தான் நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருந்தால், நிஜக் கடிகாரப்படி, ஒரு மெக்கானிக் வந்தார். சுற்றிப் பார்த்தார். தலையை ஆட்டினார். எழுதிக்கொண்டு போனார். தத்ரூபமாக இருந்தது.

கருத்துகள் அறுபதைத் தாண்டின. தம்பி துள்ளிக் குதித்துப் போய்ப் படித்தான், நடந்து திரும்பி வந்தான்.

"ரெண்டு நாள் காத்திருந்தேன், வந்தவன் தலையை ஆட்டிட்டுப் போறான், இதுக்கு நான் என் சொந்தக்காரங்களையே கூப்பிட்டிருப்பேன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்கா. இன்னொருத்தர் ரொம்பக் கோவமா, 'மெக்கானிக் என்றால் பார்த்துவிட்டு மட்டும் போவார் என்று காட்டியிருப்பது உழைக்கிறவர்களைக் கேவலப்படுத்துவது. மன்னிப்புக் கேட்கவும்'ங்கிறார்."

அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒன்பது மெக்கானிக்குகளோடு வேலை செய்கிறவள் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டு ஒரு 'அன்புடையீர்' போட்டாள். தம்பியிடம் மெக்கானிக்கின் பைக்குள் ஒரு பலகையையும் வைக்கச் சொன்னாள். இனி அவர் வந்தால் பலகையைப் போட்டு, பொத்தானைக் கைப்பிடித்து எட்டாவது மேடைக்கு அழைத்துப் போவார்.

அதோடு பொத்தான் குதிப்பது நின்றுபோனது. ஆடுகிறவர்கள் எல்லோரும் ஏழாவது மேடைவரை வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையாகவே குதிக்க ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இது குதிக்கும் விளையாட்டா, உட்காரும் விளையாட்டா?" என்று கேட்டார்கள். "இதற்கு ரேஷன் வரிசையே மேல், அங்கே பேச்சுத்துணையாவது கிடைக்கும்" என்று ஒருவர் எழுதினார். மஞ்சள் எழுத்து மறைந்து, 'பெரும்பாலும் குறை' என்ற சிவப்பு எழுத்து வந்தது.

திங்கட்கிழமை காலை தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான். ராத்திரி போட்ட சட்டையே உடம்பில் இருந்தது.

"மெக்கானிக்கைத் தூக்கிட்டேன்கா. இனிமே யாரும் வரமாட்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு விளையாட்டையே எடுத்துடப் போறேன்."

"என்னடா இது, மூணு வருஷம்டா!"

"குறை சொன்னா சொல்லட்டும்கா. எனக்கு அது வருத்தம் இல்ல. இத்தனை பேர் எழுதியிருக்காங்களே, ஒருத்தராவது அந்தப் பொத்தான் என்ன ஆச்சுன்னு கேட்டாங்களா? மேடை சரியில்ல, பாட்டு சரியில்ல, மெக்கானிக் சரியில்ல. அது கோட்டுகிட்ட போய்ச் சேரணும்னு உலகத்துல ஒரே ஒருத்தருக்குத் தோணியிருந்தாக்கூடப் போதும், விட்டு வெச்சிருப்பேன்."

அக்கா தோள்பையை மாட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அந்த ஒரே ஒருத்தர் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். கிடைக்கும்வரை ஆட்கள் ஓடிப்போகாமல் இருக்க வேண்டுமே! அதனால் மெக்கானிக் இல்லை என்ற விஷயத்தை யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், 'அன்புடையீர், பணியாளர் புறப்பட்டுவிட்டார்' என்று எழுதினாள். புகார்ப் பிரிவில் இதைப் பொய் என்று சொல்வதில்லை.

அந்த வாரம் பார்த்துத்தானா ஆபீஸிலும் தலைக்கு மேல் வேலை வர வேண்டும்! ஊரில் இருக்கிற லிஃப்ட்டெல்லாம் பேசிவைத்துக்கொண்டு படுத்துவிட்டதுபோல் புகார்கள் குவிந்தன. அக்கா ஒவ்வொன்றையும் பதிந்து, மெக்கானிக்குகள் கையில் கம்பெனி கொடுத்திருந்த டேப்லெட்டுகளுக்கு வேலை உத்தரவாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். புதன்கிழமையும் அதே இடங்களிலிருந்து அதே புகார்கள் வந்தன. மூத்த மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். அவரை எல்லோரும் 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஸ்பேனர் அண்ணே, பல் டாக்டர் கட்டடத்துக்குப் போனீங்களா?"

"ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன் மேடம். விட்டுட்டு வர முடியல. இது முடிஞ்சதும் போயிடறேன்."

"பாவம், அங்க நாலு மாடி ஏறிப்போய்ப் பல்லைப் பிடுங்கிக்கிறாங்க அண்ணே."

"புரியுது மேடம். இங்கயும் பாவம்தான்."

வியாழக்கிழமை அக்காவின் மேசையில் இரண்டு வகைப் புகார்களும் தோளோடு தோள் உரசி நின்றன. இந்தப் பக்கம் லிஃப்ட் நின்றுவிட்டது, அந்தப் பக்கம் பொத்தான் நிற்கிறது. இரண்டு பக்கமும் மெக்கானிக் எங்கே என்ற ஒரே கேள்விதான். நடுவில் கை தவறியது. ஒன்பது மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளருக்கு அக்கா அனுப்பிய பதில் இப்படி இருந்தது:

'அன்புடையீர், பதற்றப்பட வேண்டாம். கீழே விழுந்தால் ஒன்றும் ஆகாது. மறுபடி தரையிலிருந்து தொடங்கலாம். பல முறை விழுந்தவர்களே நன்றாக ஏறுகிறார்கள். வாழ்த்துகள்.'

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசைமேல் அந்தப் பதிலின் அச்சுப்பிரதி இருந்தது. செயலாளர் 'வாழ்த்துகள்' என்ற சொல்லின் கீழ் மூன்று கோடு போட்டிருந்தார்.

"இது என்னம்மா?"

அக்கா ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி, பொத்தான், மேடை, மெக்கானிக். மேலாளர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டால் நல்லதற்கில்லை என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

"ஆக, திங்கட்கிழமையிலேர்ந்து எழுபத்தோரு புகார். ஒண்ணுகூடப் பார்க்கலை. ஏன்னா நீங்க பொத்தானுக்குப் பதில் எழுதிட்டிருந்தீங்க, மெக்கானிக்குகளுக்குத் தகவல் அனுப்பலை."

"அனுப்பினேன் சார். ஒவ்வொண்ணும் அனுப்பினேன்."

"இந்தப் பதிலை அனுப்பின மாதிரியா?"

நேற்று கை தவறியது உண்மை. திங்கள், செவ்வாயிலும் தவறியிருந்தால்? பதினான்கு வருடத்தில் முதல்முறையாகத் தன் கைமேல் தனக்கே சந்தேகம் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது: 'இன்னும் பத்து நிமிஷம். எடுத்துட்டு வந்து சாப்பிடறேன். நீ வருத்தப்படாதே.' அக்காவுக்குக் கண் கலங்கியது. வேலையும் போய், தம்பியின் மூன்று வருடமும் போய், ஒரே சாயங்காலத்தில் இரண்டையும் தானே கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது.

"ஸ்பேனரைக் கூப்பிடுங்க. அவர்கிட்டயே கேட்டுடலாம்" என்றார் மேலாளர்.

ஸ்பேனர் கீழே சாமான் அறையில்தான் இருந்தார். வந்து நின்றார். நாலு நாள் தாடி. டேப்லெட்டை இரண்டு கையாலும், பால் தளும்பும் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

"இவங்க உங்களுக்கு வேலை உத்தரவு அனுப்பினாங்களா, இல்லையா?"

"அனுப்பினாங்க சார். மணி அடிச்சுக்கிட்டேதான் இருந்தது."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்புறம் ஏன் திறந்து பார்க்கலை?"

ஸ்பேனர் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான்யா கேக்கறேன். மத்த எட்டுப் பேராவது பார்த்தாங்களா? நாலு நாளா ஒன்பது பேரும் என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

ஸ்பேனர் மெல்லத் தலையை நிமிர்த்தினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எப்படி சார் திறக்கிறது? அதைத் திறந்தா இது மூடிக்கும். திங்கட்கிழமையிலேர்ந்து பொத்தான் ஏழாவது மேடையில தன்னந்தனியா நிக்குது. மெக்கானிக் வந்து அதைக் கோட்டுகிட்ட கொண்டுபோய்ச் சேர்க்காம நாங்க ஒன்பது பேரும் எந்த லிஃப்டுக்கும் போறதா இல்லை!"