இளவரசி பாடாத பாட்டு

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு தொலைக்காட்சி நிலையமும் இருந்தது. முன்காலத்துச் சிங்கங்கள் காலையில் ஒருமுறை கர்ஜித்தால் போதும், அன்றைய ஆட்சி முடிந்துவிடும். இந்தச் சிங்கத்துக்குத் தொண்டை சரியில்லை. அதனால் நிலையம் வைத்துக்கொண்டது.

காலையில் ராசிபலன், மதியம் சமையல், மாலையில் மாமியார் கதைகள் என்று நிலையம் நன்றாகவே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மட்டும் யாரும் எதையும் பார்ப்பதில்லை. அதனால் அந்த நேரத்தை அறிவுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பூங்கோதை என்ற உள்ளான் எடுத்த ஆவணப்படம் ஓடியது. உள்ளான் என்பது சேற்றில் குடுகுடுவென்று ஓடித் திரியும் சின்னப் பறவை. குளிர்காலத்தை நம் குளங்களில் கழித்துவிட்டுக் கோடைக்கு ரஷ்யா பக்கம் போய்விடும். போன இடத்தில் மற்ற உள்ளான்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. பூங்கோதை கேமராவைத் தூக்கிக்கொண்டு அரண்மனை அரண்மனையாக அலைந்தது. இப்படியே ஆறு கோடை போனது. ரஷ்ய அரச வரலாறு ஐந்து பகுதிகளாகத் தயாரானது.

தாடி வைத்தவர்களிடம் வரி கேட்ட அரசர் ஒரு பகுதியில் வந்தார். கணவனை இறக்கிவிட்டுத் தானே அரியணையில் உட்கார்ந்த அரசி இன்னொரு பகுதியில் வந்தார். ஆனால் பூங்கோதையின் உயிர் ஐந்தாம் பகுதியில் இருந்தது. கடைசி அரசரையும் அவர் குடும்பத்தையும் ஒரு வீட்டின் நிலவறையில் வைத்துச் சுட்டுக் கொன்ற கதை அது. அதன் முடிவில் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரின் பழைய புகைப்படம் திரையில் வந்து நிற்கும். ஒரு நிமிடம் பேச்சு, இசை எதுவும் இருக்காது. காட்டில் உள்ளவர்கள் அந்த ஒரு நிமிடம் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். பூங்கோதை கேட்டது அவ்வளவுதான்.

நான்கு பகுதிகள் ஓடி முடிந்ததும் நிலையத்தின் மேலாளர் கீரி பூங்கோதையைக் கூப்பிட்டது.

"மொத்தம் மூணு நேயர் கருத்து வந்திருக்கும்மா."

"யார் சார் எழுதியிருக்காங்க?"

"ஒண்ணு உங்கம்மா."

"ரெண்டாவது?"

"அதுவும் உங்கம்மாதான். முதல்ல எழுதினதுல ஒரு எழுத்துப்பிழை இருந்ததாம். மூணாவது ஒரு எருமை. நீயே படி."

பூங்கோதை வாங்கிப் படித்தது.

'என் பெயர் மாராக்காள். டீக்கடைத் தொலைக்காட்சிக்கு எதிரே உள்ள குளத்தில் கிடக்கிறேன். கழுத்தைத் திருப்ப அலுப்பாக இருந்ததால் நான்கு பகுதிகளையும் பார்த்தேன். இரண்டாம் பகுதியில் ஒருவன் வருகிறான். செத்துப்போன இளவரசன் நான்தான், சாகவில்லை என்று சொல்லி அரியணை ஏறுகிறான். அவனைக் கொன்று எரித்துச் சாம்பலைப் பீரங்கியில் வைத்துச் சுட்டதாகச் சொல்கிறீர்கள். கொஞ்ச நாளில் இன்னொருவன் வந்து, அவன்தான் நான், சாகவில்லை என்கிறான். முதலாமவனின் மனைவி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆமாம், இவர்தான் என் வீட்டுக்காரர் என்கிறாள். அவள் சூழ்நிலை அப்படி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மற்றபடி, பேசுகிறவர் கொஞ்சம் மெதுவாகப் பேசலாம்.'

பூங்கோதை அந்தக் கருத்தை இரண்டு முறை படித்தது. ஆறு கோடையும் வீண்போகவில்லை என்று அதற்குத் தோன்றியது.

கீரி தொண்டையைச் செருமியது. "வியாழக்கிழமைக்குள்ள ஐந்நூறு கருத்து வரணும். இல்லேன்னா அஞ்சாம் பகுதி கிடையாது. அந்த இடத்துல 'பத்து நிமிஷத்துல பத்து துவையல்' போடச் சொல்லி ராஜா உத்தரவு. நான் என்னம்மா பண்ணட்டும்?"

பூங்கோதை ஆற்றுத் துறைக்குப் போய் நின்று, தண்ணீர் குடிக்க வந்தவர்களிடமெல்லாம் கருத்துப் படிவத்தை நீட்டியது. படிவம் கைபேசியில் இருந்தது. முதலில் எண்ணைப் போட வேண்டும். ஓடிபி வரும். அந்த ஆறு எண்களை ஆமை அழுத்தி முடிப்பதற்குள் கெடு முடிந்து வேறு ஓடிபி வந்தது. ஆமை கோபித்துக்கொள்ளாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அடுத்து 'நான் மனிதன் அல்ல' என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். செய்தால் ஒன்பது படங்கள் வரும். 'புலி இருக்கும் படங்களைத் தொடவும்' என்று கேட்கும். மான்கள் அத்தோடு ஓடிவிட்டன. இரண்டு மான்களைப் பக்கத்துக் காட்டிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தது.

புதன்கிழமைக் காலை வரை சேர்ந்த புதுக் கருத்து, பூஜ்யம். ஆமை மட்டும் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டிருந்த அணில் ஒன்று சொன்னது: "இதுக்கு ஏங்க்கா கஷ்டப்படுறீங்க? புளியமரத்து ஏகாம்பரத்தைப் பாருங்க."

ஏகாம்பரம் ஒரு ஓணான். 'புளியமரத்தடி நேயர் மன்றம்' என்ற அமைப்பின் செயலாளர். வானொலிக் காலத்திலிருந்து நிகழ்ச்சிகளுக்குக் கடிதம் எழுதி வருபவர். அவர் பெயர் இதுவரை ஆயிரத்து நூறு முறை காற்றில் வாசிக்கப்பட்டிருக்கிறது. எழுதவே நேரம் சரியாக இருந்ததால் அவர் இதுவரை எந்த நிகழ்ச்சியையும் பார்த்ததில்லை.

"என்ன நிகழ்ச்சிம்மா?" என்றது ஏகாம்பரம், தலையை ஆட்டியபடி.

"ரஷ்ய அரச வரலாறு சார். நீங்க ஒரு பகுதியாவது பார்த்துட்டு..."

"நான் பார்க்க உட்கார்ந்தா எழுதறது யாரு? ராஜா கதைதானே?"

"ஆமா சார்."

"இளவரசி இருக்காளா?"

"இருக்காங்க. ஆனா..."

"போதும். நீங்க கிளம்புங்க."

பூங்கோதை தயங்கி நின்றது. "உண்மையான ஆளுங்க பேர்லதானே சார் எழுதுவீங்க?"

ஏகாம்பரத்துக்கு முகம் சிவந்தது. "மன்றத்துல ஐந்நூத்தி இருபது உறுப்பினர். பன்னிரண்டு பேர் காலமாயிட்டாங்க. ஆனா யாரும் ராஜினாமா செய்யல."

அன்று மாலைக்குள் ஐந்நூற்று இருபது கருத்துகள் வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று ஏகாம்பரம் வாக்கியங்களை முன்பின்னாக மாற்றியிருந்தது. 'நிகழ்ச்சி மிக அருமை. இளவரசி பாடிய பாடல் நெஞ்சை அள்ளியது. மீண்டும் ஒளிபரப்ப வேண்டுகிறேன்.' அல்லது, 'மீண்டும் ஒளிபரப்ப வேண்டுகிறேன். இளவரசி பாடிய பாடல் நெஞ்சை அள்ளியது. நிகழ்ச்சி மிக அருமை.' ராஜா கதை என்றால் இளவரசி உண்டு, இளவரசி உண்டென்றால் பாட்டு உண்டு. நாற்பது வருட அனுபவம் அப்படித்தான் சொன்னது.

சிங்கமும் நிகழ்ச்சிகளைப் பார்ப்பதில்லை. கருத்துகளை மட்டும் படிக்கும். படித்துவிட்டுக் குளக்கரையில் சபையைக் கூட்டியது.

"அந்தப் பாட்டைப் போடு, கேட்போம்," என்றது சிங்கம்.

நாலு பேர் முன்னால் பேசிப் பூங்கோதைக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொல்லிவிட்டது. "பாட்டு எதுவும் இல்லைங்க ராஜா. இது நிஜமா நடந்த வரலாறு. எந்த இளவரசியும் பாடல."

சிங்கம் சபையைப் பார்த்தது. "உங்களில் யார் யார் அந்தப் பாட்டைக் கேட்டீர்கள்?"

சபையில் பாதிக்கு மேல் மன்ற உறுப்பினர்கள். தங்கள் பெயரில் கருத்து போயிருப்பது அவர்களுக்குத் தெரியும். ராஜாவுக்குப் பொய்க் கருத்து அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"நான் கேட்டேங்க ராஜா," என்றது மான். "என் தங்கச்சி அழுதுட்டா."

"எனக்கு ரெண்டாவது சரணம்தான் பிடிச்சது," என்றது கரடி.

"ரெண்டாவது சரணத்துல வயலின் கொஞ்சம் தூக்கல் இல்லையா?" என்றது முயல்.

"அதுதான்யா அழகே," என்றது கரடி. இருவருக்கும் கொஞ்சம் வாய்த்தகராறு ஆனது.

பின்வரிசையிலிருந்து நரி பெருமூச்சு விட்டது. "எடுத்தவங்களுக்கே அவங்க படம் புரியலன்னா நாம என்ன செய்யறது."

அப்போது குளத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பாட்டே கிடையாதுப்பா. நான் நாலையும் பார்த்தேன்." எருமை மாராக்காள்தான் பேசியது.

கீரி பட்டியலைப் புரட்டிப் பார்த்தது. "அவங்க ஐந்நூத்தி இருபது பேர். நீ ஒருத்தி. நீதான் போலி." எருமை கருத்து அனுப்பும் கணக்கு அங்கேயே முடக்கப்பட்டது.

சிங்கம் தீர்ப்பு சொன்னது. ஐந்தாம் பகுதியிலும் பாட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துவையல்.

"கடைசியில ஒரு நிமிஷம் சும்மாதான் கிடக்குதுங்க ராஜா," என்றது கீரி. "ஒலிப்பதிவாளர் தூங்கிட்டார்போல. அங்கே போட்டுடலாம்."

பூங்கோதை அன்று எதுவும் சாப்பிடவில்லை. பாட்டைச் சேர்த்தால் அந்த ஒரு நிமிடம் போய்விடும். சேர்க்காவிட்டால் அந்த முகங்களே போய்விடும். முகங்களாவது இருக்கட்டும் என்று கடைசியில் தலையாட்டியது. ஏகாம்பரமே வரிகள் எழுதிக் கொடுத்தது. 'பனியே பனியே, பல்லக்கு இனியே' என்று தொடங்கும். குயில் பாடியது. உண்மையிலேயே நன்றாகத்தான் பாடியது.

தாங்கள் கேட்டு உருகிய பாட்டு எப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துகொள்ள அந்த ஞாயிறு காடே திரண்டது. காட்டின் வரலாற்றில் முதல்முறையாகப் பதினொரு மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் இடம் கிடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் எல்லோரும் படிவத்தைத் திறந்தார்கள். மான்கள் புலிப் படங்களைக்கூடத் துணிந்து தொட்டன. எண்ணூற்று நாற்பது கருத்துகள் வந்தன. அத்தனையும் அவரவர் கையால் எழுதியவை.

'பழைய பாட்டில் இருந்த உயிர் இதில் இல்லை.'

'இளவரசியின் குரலை மாற்றியது யார்?'

'முதல் பாட்டைக் கேட்ட காதுக்கு இது இரைச்சல்.'

'வரிகளில் ஆழம் போதாது. - ஏகாம்பரம், செயலாளர், புளியமரத்தடி நேயர் மன்றம்.'

சிங்கம் ஆள் அனுப்பியது. அடுத்த ஞாயிறு பழைய பாட்டையே போட வேண்டும். போடாவிட்டால் கீரிக்கு வேலை போகும், உள்ளானை ராஜா சாப்பிடுவார்.

கீரி ஓடி வந்தது. "பூங்கோதை, அந்தப் பழைய பாட்டு எங்கம்மா இருக்கு?"

இல்லை என்று சொல்ல பூங்கோதை வாயைத் திறந்தது. சபையில் அதைச் சொன்னபோது என்ன நடந்தது என்று யோசித்து மூடிக்கொண்டது. பிறகு மெதுவாகச் சொன்னது:

"வீட்ல இருக்கு சார். எடுத்துட்டு வரேன்."

முதன்முதலில் எடுத்து முடித்த ஐந்தாம் பகுதியைக் கொண்டுவந்து கொடுத்தது. உறைமேல் 'பழைய பாட்டு' என்று எழுதியிருந்தது. மை இன்னும் காயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரையில் ஐந்து பிள்ளைகளின் முகங்கள் வந்து நின்றன. சத்தம் எதுவும் இல்லை. காட்டில் யாரும் இருமவில்லை. கரடி கண்ணை மூடித் தலையை அசைத்தது. மான்கள் ஒன்றின் கழுத்தில் ஒன்று சாய்ந்து அழுதன. ஏகாம்பரம் தொடையில் தாளம் போட்டது. முயலும் போட்டது, தாளம் மட்டும் வேறாக இருந்தது. ஒரு நிமிடம் முடிந்ததும் சிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான்," என்றது.

ஆயிரத்து முந்நூறு கருத்துகள். ஒரு குறைகூட இல்லை. 'இப்படிப் பாட எனக்கு இந்தப் பிறவி போதாது' என்று குயிலே எழுதியிருந்தது. அந்த ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருது பூங்கோதைக்குக் கிடைத்தது.

விருதை வாங்கிக்கொண்டு அது நேராகக் குளத்துக்குப் போனது. உண்மையாக ஒரே ஒரு கருத்து கேட்க வேண்டும்போல் இருந்தது.

"எப்படியிருந்துச்சுக்கா?"

மாராக்காள் வெகுநேரம் அசைபோட்டது. "அந்தச் சின்னப் பையன் முகம் இருக்கே, அது இன்னும் கண்ணை விட்டுப் போகல. ஒரு நிமிஷம் பத்தலடி."

பூங்கோதை விருதைக் கீழே வைத்தது. "இதை எழுதி அனுப்பியிருக்கலாமேக்கா."

"எழுதினேன். கணக்கு திறக்கல. அப்புறம் 'பாட்டு அருமை'ன்னு எழுதினேன். உடனே திறந்துடுச்சு."

நீதி: இல்லாத பாட்டில் யாராலும் குறை கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எதையும் உருவாக்குமுன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கவும்.